டிக்கெட் சஃபியா

மாயவரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக் கடையின் மாடியில், சேக் தாவூது டிராவல்ஸ் வைத்திருந்தார். ஒரு மேஜை, ஒரு டெலிபோன், சுவரில் மக்கா படம் போட்ட காலண்டர். தொண்ணூறுகளின் நடுவில் அந்த மாடிப்படி ஏறி அங்கே வேலைக்கு வந்த முதல் பெண் சஃபியா.

அவள் குத்தாலத்துக்காரி. கல்யாணமாகி மகள் ரிஃப்கா பிறந்த கையோடு கணவர் பக்கீர் முகம்மது சவூதியில் தம்மாமுக்கு ஏ.சி. மெக்கானிக்காகப் போய்விட்டார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வெளிநாடு போனவரைச் சபராளி என்பார்கள். சபராளி பெண்டாட்டி கடைத்தெருவில் உட்கார்ந்து வேலை பார்ப்பது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தாவூது தூரத்துச் சொந்தம். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் விமான டிக்கெட்டைக் கையால்தான் எழுத வேண்டும். கார்பன் தடவிய தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். அழுத்தி எழுதினால்தான் அடித்தாளில் விழும். பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் டிக்கெட் வீண். சஃபியா பிளஸ் டூ படித்தவள், கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் வந்தாள்.

அப்போதெல்லாம் விமானக் கம்பெனிகள் தாங்கள் வைத்த விலையில் ஏஜெண்டுக்குக் கமிஷன் தரும். எந்தக் கடையில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஜனங்கள் விலை பார்த்துக் கடை தேடவில்லை, ஆள் பார்த்துத் தேடினார்கள். தாவூதைத் தேடி வந்தார்கள் என்றால், டிக்கெட் விற்ற பிறகும் அவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதால்தான்.

சஃபியா சேர்ந்த புதிதில் சீர்காழியிலிருந்து ஓர் அம்மாள் அழுதுகொண்டு படியேறி வந்தார். மகன் ரியாத்தில் இருந்தான். அவனுடைய மனைவிக்குப் பிரசவத்தில் மோசமாகிவிட்டது. அவன் கையில் அடுத்த மாதத்து டிக்கெட் இருக்கிறது. தாவூது சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டுப் பேசினார். விமானக் கம்பெனியில் ராத்திரி பகல் பார்க்காமல் இருக்கும் ஒரு டியூட்டி மேனேஜரை அவருக்குத் தெரியும்.

“சார், நம்ம பையன் ஒருத்தன். நாளைக்கு ஏத்தி விட்டுடுங்க. பேப்பர்லாம் அப்புறம் பாத்துக்குவோம்.”

மறுநாள் அந்தப் பையன் ஏறிவிட்டான். மனைவியை உயிரோடு பார்த்தான். தாவூதுக்கு அதில் வரும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாளின் தெருவிலிருந்து அடுத்த பத்து வருடத்துக்குப் போனவர்கள் எல்லாம் அவரிடம்தான் போட்டார்கள்.

சஃபியா தொழிலை வேகமாகப் பிடித்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் வந்தபோது திருச்சிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, எந்த ஊரில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் கொடுப்பாள். அவள் துபாயையும் பார்த்ததில்லை, தோஹாவையும் பார்த்ததில்லை. விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஊரில் அவளுக்கு டிக்கெட் சஃபியா என்றே பெயர் ஆகிவிட்டது.

பிறகு மேட்டூர் அணையை ஜூனில் திறக்காத வருடங்கள் வரிசையாக வந்தன. குறுவை இல்லை. சம்பாவும் பாதியில் கருகியது. நாற்றங்காலிலும் களத்திலும் நின்ற ஆட்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அதுவரை மாடிப்படி ஏறியவர்களில் பெரும்பாலோர் சபராளி வீட்டுக்காரர்கள். இப்போது கால் சேறு காயாத விவசாயக் கூலிகள் ஏறினார்கள். வட்டிக்கு வாங்கிப் போகிற அவர்களுக்கு டிக்கெட்டில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் பெரிது.

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் ஒரு கம்பெனி முளைத்தது. வளைகுடா விமானங்களில் இருக்கைகளை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டு, விமானக் கம்பெனியே சொல்கிற விலைக்குக் கீழே சில்லறையாக விற்றது. எங்கள் ஊர்ச் சுவர்களில் எல்லாம் அதன் போஸ்டர். தாவூது முதலில் சிரித்தார்.

“விக்கிற விலையே வாங்குற விலைக்குக் கீழ இருந்தா, எங்கேயோ ஒருத்தன் அழுவான் சஃபியா.”

“யாரு மாமா அழுவாங்க?”

“அதான் தெரியல. நாமளா இருக்கும்.”

அவர் சொன்னது நடந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் படியேறி வந்து விலை கேட்பார்கள், “வீட்ல கேட்டுட்டு வர்றேன் பாய்” என்று இறங்கிப் போவார்கள். திரும்பி வர மாட்டார்கள். அந்த மலிவு டிக்கெட்டில் தேதி மாற்ற முடியாது, திருப்பிக் கொடுக்க முடியாது, ஒரு பக்கம் தவறினால் மறுபக்கமும் போகும். அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. சில வருடங்களில் விமானக் கம்பெனிகளும் ஏஜெண்டுக்குக் கமிஷன் கிடையாது என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டன. அச்சடித்த டிக்கெட்டும் நின்றது. தாவூது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, மேஜையைத் துடைத்துவிட்டு, சாவியை மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

சஃபியாவுக்கு வேலை வேண்டியிருந்தது. தம்மாமிலிருந்து பணம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் முன்னைப் போல மாதாமாதம் வரவில்லை. திருச்சிக் கம்பெனி மாயவரத்தில் கிளை திறந்தபோது அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., நீலச் சட்டை போட்ட பிள்ளைகள். கிளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீவத்ஸன் சென்னையில் எம்.பி.ஏ. படித்த இளைஞர். கெட்ட மனிதர் இல்லை. முதல் நாளே தெளிவாகச் சொன்னார்.

“மேடம், உங்களுக்கு எல்லாரையும் தெரியும், அது நமக்குப் பெரிய பிளஸ். ஆனா ஒரு விஷயம். கண்டிஷன் கண்டிஷன்தான். ஒருத்தருக்கு மாத்திக் குடுத்தா நூறு பேர் வந்து நிப்பாங்க. மாத்தறதுக்கு நம்ம கையில ஒண்ணும் இல்ல. பணம் ஏற்கனவே அங்க போயாச்சு.”

சஃபியா தலையாட்டினாள். தாவூதிடம் போய்ச் சொன்னபோது, “போம்மா, புள்ளையைப் படிக்க வைக்கணும்ல” என்றார்.

இரண்டாவது வருடம் சாமிதுரை வந்தார். குத்தாலத்துக்கு அந்தப் பக்கம் வயல் வேலை பார்த்தவர். துபாயில் கட்டட வேலை. போகவும் வரவும் சேர்த்து மலிவு டிக்கெட் எடுத்து லீவில் வந்திருந்தார். மறுநாள் காலையில் திருச்சியில் விமானம். அன்று மதியம் அவருடைய அப்பா இறந்துவிட்டார். தலையில் துண்டைக் கட்டியபடியே சைக்கிளில் வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

“தங்கச்சி, ரெண்டு நாளு தள்ளிப் போட்டுக் குடு. கொள்ளி வெச்சுட்டு, பால் தெளிச்சுட்டுப் போயிடுறேன்.”

சஃபியா எழுந்து நின்றுவிட்டாள். ஸ்ரீவத்ஸனுக்குப் போன் போட்டாள். அவர் திருச்சியில் கேட்டார். திருச்சியில் மும்பையில் கேட்டார்கள். பதில் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. தேதி மாற்ற முடியாது. இதை விட்டால் புது டிக்கெட். அடுத்து இடம் இருக்கிற விமானம் வருவதற்குள் அவருடைய விசா நாள் கடந்துவிடும்.

“முடியாதுங்கண்ணே” என்றாள். “டிக்கெட் குடுக்கும்போதே அதுல எழுதியிருந்திச்சு.”

சாமிதுரை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். சீர்காழியில் கட்டிக்கொடுத்த அக்காளும் வெளியூர்ச் சொந்தமும் வந்து சேருவதற்காகப் பிணத்தை மறுநாள் மதியம் எடுப்பதாக இருந்தது. அப்பாவைக் கூடத்தில் போட்டிருக்க, அவர் விடியற்காலையில் திருச்சிக்குப் பஸ் ஏறினார். மச்சினன் கொள்ளி வைத்தான்.

காரியம் முடிந்து, சாமிதுரையின் மனைவி வைரக்கண்ணு ஒரு நாள் கிளைக்கு வந்தாள். சண்டை போட வந்தவள் போலத் தெரியவில்லை. சஃபியாவின் எதிரே நின்றாள்.

“எழுதியிருந்திச்சுன்னு சொன்னியாமே. எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல தாயி?”

வைரக்கண்ணு பதிலுக்காக நிற்கவில்லை. அன்றைக்குப் பிறகு சஃபியா ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நிபந்தனைகளைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். ஸ்ரீவத்ஸன், “மேடம், நேரம் ஆகுது” என்றார். கேட்டவர்கள் எல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மலிவானதையே வாங்கிப் போனார்கள். வாங்காமல் என்ன செய்வார்கள்?

பக்கீர் முகம்மதுவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று தெரிய வந்தது அதற்கும் சில வருடங்கள் கழித்து. வெயிலில், மொட்டை மாடிகளில், தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்த உடம்பு. கால் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கம்பெனி அவரைக் கணக்கு முடித்து ஊருக்குப் போகச் சொல்லிவிட்டது.

சஃபியா போனில் சொன்னாள்: “மச்சான், தேதி தெரிஞ்சதும் சொல்லுங்க. நான் நேரா சென்னைக்குப் போடுறேன். வீல்சேர் சொல்லிடலாம்.”

“பாக்கலாம், பாக்கலாம்” என்றார் அவர்.

அவர் சொல்லவில்லை. கூட அறையில் இருந்த பையன்கள் எல்லாரும் செல்போனில் ஒரு வெப்சைட்டில் டிக்கெட் போடுகிறவர்கள். அவர்களில் ஒருவன் போட்டுக் கொடுத்துவிட்டான். சஃபியாவின் கம்பெனி விலையைவிட அது குறைவு. போட்டு முடித்த பிறகு அவளுக்கு அனுப்பினார். அவள் அதைக் கிளையின் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள். தம்மாமிலிருந்து மும்பைக்கு ஒரு விமானக் கம்பெனி. மும்பையிலிருந்து சென்னைக்கு வேறொன்று. ஒரே தாளில் இருந்தாலும் அவை தனித்தனி டிக்கெட்டுகள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது, பொறுப்பும் எடுத்துக்கொள்ளாது. மும்பையில் பெட்டியை எடுத்து, வெளியே வந்து, வேறு டெர்மினலுக்குப் போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பொங்கல் சமயம் வேறு.

“ஏன் மச்சான் என்கிட்ட கேக்கல?”

“உனக்கு ஏன் சிரமம்னுதான். எல்லாரும் இப்படித்தான் வர்றாங்க சஃபியா. ஒண்ணும் ஆவாது.”

“உங்க உடம்பு எல்லாரையும் மாதிரியா இருக்கு? இதை விட்டுடுங்க. நான் வேற போடுறேன்.”

“இருக்கறதை வீணாக்கச் சொல்றியா? கையில எவ்வளவு இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.”

அவள் டயாலிசிஸ் நாட்களைக் கணக்குப் பார்த்தாள். ஏறுவதற்கு முந்தைய நாள் தம்மாமில் ஒரு டயாலிசிஸ். இறங்கிய மறுநாள் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அடுத்தது. அவளே பேசி ஏற்பாடு செய்துவிட்டு, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ரிஃப்காவையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், ஒரு சொந்தக்காரர் வீட்டில் காத்திருந்தாள்.

தம்மாமில் பனிமூட்டம். விமானம் பல மணி நேரம் கிளம்பவே இல்லை. அவர் மும்பையில் இறங்கியபோது சென்னை விமானம் போய்விட்டிருந்தது. கவுண்டரில், நீங்கள் வரவில்லை என்று கணக்காகிவிட்டது, அந்த டிக்கெட் செல்லாது என்றார்கள். பொங்கலுக்குச் சென்னை போகிற விமானங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. பணம் கட்டினாலும் நாளை மறுநாள்தான் இடம்.

சஃபியா வெப்சைட்டின் எண்ணுக்குப் போன் செய்தாள். பதிவு செய்த குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. வெகுநேரம் பாட்டுப் பாடியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

“மேடம், ரெண்டும் தனித்தனி புக்கிங். ஃபர்ஸ்ட் ஃப்ளைட் லேட்டானதுக்கு செகண்ட் ஏர்லைன் பொறுப்பில்லை.”

“தெரியும்மா. நானும் இதே தொழில்தான். பேஷண்ட் அவரு. உங்க மேல இருக்கறவங்க யார்கிட்டயாவது குடு.”

“ஸாரி மேடம். கண்டிஷன்ஸ்ல தெளிவா இருக்கு.”

அந்தப் பெண் அடுத்து என்ன சொல்வாள் என்பது சஃபியாவுக்குத் தெரிந்திருந்தது. அதே வாக்கியங்களைத் தன் வாயால் எத்தனையோ பேரிடம் சொன்னவள். போனை வைத்தாள். ஸ்ரீவத்ஸனைக் கூப்பிட்டாள். அவர் உண்மையிலேயே பதறினார், நாலு பேரிடம் பேசினார். கிடைக்கவில்லை. “நம்மகிட்ட போட்டதா இருந்தாலும் இன்னிக்கு இதான் மேடம் நிலைமை” என்றார். தாவூதுக்குப் போன் செய்தாள். படுக்கையில் இருந்த மனிதர் பழைய எண் ஒன்றைத் தேடி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்.

“அந்த டியூட்டி மேனேஜர் ரிட்டயர் ஆயிட்டாராம்மா. இப்ப அந்த வேலையிலயே ஆள் கிடையாதாம். மெயில் போடச் சொல்றாங்க.”

பக்கீர் முகம்மது டெர்மினலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் மணிக்கொருதரம் பேசினாள்.

“மச்சான், அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்க. போலீஸ்காரர்கிட்ட சொல்லுங்க, டயாலிசிஸ் பேஷண்ட்னு சொல்லுங்க.”

“நோயாளின்னு சொன்னா பிளேன்ல ஏத்த மாட்டாங்க. சும்மா இரு. தண்ணி குடிச்சாத்தான் உடம்புல நீர் ஏறும். குடிக்காம சமாளிச்சுக்கிறேன்.”

மறுநாள் பகலில் அவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பெட்டியை விட்டு எழுந்து போக மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் இருந்த ஒரு குஜராத்திக் குடும்பம்தான் ஆட்களைக் கூப்பிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போய் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அவர் போனிலிருந்தே சஃபியாவுக்குச் சொன்னார்கள்.

சென்னையிலிருந்து மும்பை போகிற விமானத்தில் இடம் இருந்தது. அந்தத் திசையில் யாரும் பொங்கலுக்குப் போகவில்லை. சஃபியா தன் பெயரில் முதன்முதலாக ஒரு டிக்கெட் போட்டாள். ரிஃப்காவைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று தெரியாமல் பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கேட்டாள். ஜன்னல் வழியே ஒன்றையும் பார்க்கவில்லை.

அவர் முகம் ஊதிப்போய் அடையாளம் தெரியாமல் இருந்தது. நினைவு இருந்தது.

“ரிஃப்கா வந்திருக்காளா?”

“மெட்ராஸ்ல இருக்கா. நம்மளைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்கு வருவா.”

“பெட்டி எங்க?”

“பத்திரமா இருக்கு மச்சான்.”

பெட்டி எங்கே என்று அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அவசரமாக டயாலிசிஸ் போட்டார்கள், இதயம் தாங்கவில்லை. மறுநாள் மதியம், லுஹர் தொழுகை நேரத்தில் மௌத் ஆகிவிட்டார்.

ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் நினைத்தாள். பிணத்தை விமானத்தில் அனுப்பச் சான்றிதழ், போலீஸ் கடிதம், பெட்டி, சரக்கில் இடம் என்று எல்லாம் கூடி வர, பண்டிகை நெரிசலில் பல நாள் ஆகும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பேசிய தமிழைக் கேட்டு, மும்பையில் நெடுநாளாக இருக்கும் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். “மையித்தை இத்தனை நாள் போட்டு வைக்கறது நல்லதில்லம்மா. எங்க ஜமாஅத்ல சொல்லி அடக்கிடலாம். எங்க அடக்கினாலும் அது அல்லாஹ்வோட மண்ணுதான்” என்றார். அவள் சரி என்றாள். முன்பின் தெரியாத ஆண்கள் தூக்கிப் போனார்கள். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லாததால், கபர்ஸ்தானின் கேட்டுக்கு வெளியே, ஒரு டயர் கடையின் நிழலில் நின்றாள். பிறகு ரயிலில் திரும்பி வந்தாள்.

பதினெட்டு வருடங்கள் வெளிநாட்டில் இருந்தவரின் முகத்தை ரிஃப்கா ஐந்தாறு தடவைதான் நேரில் பார்த்திருந்தாள். கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவள் அம்மாவிடம் பல மாதம் பேசவில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டாள்: “ஊருக்கே டிக்கெட் போட்ட. அத்தாவுக்கு உன்னால போட முடியலையா?”

கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்தபின் சஃபியா மாயவரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, “முதல் விமானம் கொண்டுவந்து இறக்கிடுச்சு. ரெண்டாவது விமானம் நேரத்துக்குப் போச்சு. வெப்சைட்காரன் கேட்ட டிக்கெட்டைக் குடுத்தான். இதுல யாரை நான் எதிர்த்தரப்பா போடுறது?” என்றார். சஃபியா அதை முன்பே யோசித்திருந்தாள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. நடுவில் ஒரு மனிதர் செத்துப்போனார்.

கிளையில் அவளுடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்தாள். ஆனால் வரிசை இல்லை. வயலில் நின்றபடியே பிள்ளைகள் போனில் டிக்கெட் போட்டுக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் திருச்சிக் கம்பெனியும் கிளைகளை மூடியது. ஸ்ரீவத்ஸன் வேலை தேடி பெங்களூர் போனார், போகும்போது வந்து சொல்லிக்கொண்டார். தாவூது அந்த மழைக்காலத்தில் இறந்தார். சஃபியா இப்போது குத்தாலத்தில் வீட்டிலேயே இருக்கிறாள். தையல் மெஷின் ஒன்று இருக்கிறது. டிக்கெட் சஃபியா என்ற பெயரை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

ரிஃப்கா படித்து முடித்துக் கும்பகோணத்தில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும், அத்தாவின் கபர் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மும்பைக்கு ரயில் ஏறினாள். சஃபியா தடுக்கவில்லை, கூடவும் போகவில்லை. கேட்டை மட்டும் அடையாளம் சொன்னாள்.

அங்கிருந்து போன் வந்தது.

“அம்மா, வாட்ச்மேன் நோட்டைப் பாத்து இடத்தைச் சொல்லிட்டாரு. ஆனா இங்க இடம் போதாதாம். கொஞ்ச வருசத்துல தோண்டி வேற ஆளை வெச்சிடுவாங்களாம். அத்தா இருந்த இடத்துல இப்ப வேற யாரோ இருக்காங்க.”

சஃபியா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்தாள்.

“அவங்களுக்கும் சேத்து ஒரு பாத்திஹா ஓதிட்டு வா” என்றாள். “சாப்டியா?”